வெஸ்ட் வர்ஜீனியாவின் மலைக் கவுண்டியில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது: புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு

வேலை உத்தரவு கைக்கு வந்துவிட்டது, ஊர்ப் பெயரை மேப்பில் தேடினால் மலையும் காடும்தான் தெரிகிறது, வீட்டில் பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை இருக்கிறது. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீடு பார்ப்பதற்கும் கார் பார்ப்பதற்கும் முன்னால், பிள்ளையின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். மற்ற காகிதங்களை இரண்டு மூன்று நாளில் சரிசெய்துவிடலாம். அந்த அட்டையில் குறை இருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும், எங்களுக்கு இழுத்தது.

நம் ஆட்கள் இந்த மாதிரி ஊர்களுக்கு வருவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வேலைக்காக. ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த டாக்டர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை செய்தால் அதிலிருந்து விலக்குக் கிடைக்கும். கான்ராட் 30 என்ற அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடம். என் கணவர் அப்படித்தான் வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் அதுவரை மதுரையில் என் அம்மா வீட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் எங்களுக்கு எல்லாமே முதலிலிருந்து.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது கவுண்டி என்ற அமைப்பை, மாநிலத்துக்குள் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரே கவுண்டிக்குள் நாலைந்து பள்ளி மாவட்டங்கள் இருக்கும், எது யாருடையது என்று பார்ப்பதே பெரிய வேலை. வெஸ்ட் வர்ஜீனியாவில் அந்தக் குழப்பம் கிடையாது. 1933-இல் இங்கிருந்த 398 பள்ளி மாவட்டங்களைக் கலைத்து, கவுண்டிக்கு ஒன்று என்று 55 ஆக்கிவிட்டார்கள். 55 கவுண்டி, 55 பள்ளி நிர்வாகம், ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட போர்டு. அந்த ஆபீஸை ஊரில் எல்லோரும் 'போர்டு ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள்.

எங்கள் கவுண்டியின் பெயரைச் சொன்னால் அந்த ஆபீஸில் இருப்பவர் யார் என்றே தெரிந்துவிடும், அவ்வளவு சின்ன இடம். அதனால் அளவு புரிவதற்குப் போகஹான்டஸ் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். 2020 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை 8,000-க்கும் குறைவு. சென்னையில் ஒரு வார்டிலேயே அதைவிடப் பல மடங்கு ஆட்கள் இருப்பார்கள். பரப்பளவோ சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி, டன்மோர் என்ற இடத்தில். ஆகவே எந்தப் பள்ளி நல்ல பள்ளி, எதற்கு எத்தனை ரேட்டிங் என்று இணையத்தில் இரவெல்லாம் தேடாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கும், பல இடங்களில் தேர்ந்தெடுக்க இரண்டாவது பள்ளியே இருக்காது. ரேட்டிங்கைவிட, வீட்டிலிருந்து பள்ளிக்குப் பஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேளுங்கள். வீடு பார்க்கும்போது அதுதான் உண்மையான கேள்வி, மலைப் பாதையில் சின்னப் பிள்ளை தினமும் போய்வர வேண்டும்.

போர்டு ஆபீஸுக்கு ஒரு போன்

ஊர் வந்து சேருமுன்பே போன் செய்துவிடுங்கள். இங்கே ஆன்லைன் படிவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனில் பேசினால்தான் காரியம் நடக்கும். மூன்றே கேள்வி: இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, சேர்க்கைக்கு என்னென்ன காகிதம், பள்ளி ஆபீஸ் கோடை விடுமுறையில் எந்த நாள்களில் திறந்திருக்கும். பள்ளி ஆகஸ்டில் தொடங்கும். ஜூலையில் பல பள்ளி ஆபீஸ்களில் ஆளே இருக்க மாட்டார்கள், ஆனால் போர்டு ஆபீஸ் திறந்திருக்கும். நடு வருடத்தில் வந்தாலும் கவலை இல்லை, சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது. கட்டணமும் கிடையாது, நன்கொடை என்ற பேச்சும் கிடையாது.

விசா பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். எச்-4, எல்-2, ஜே-2 என்று பெற்றோரைச் சார்ந்து வரும் பிள்ளைகள் தாராளமாக அரசுப் பள்ளியில் படிக்கலாம், அதற்கென்று தனி மாணவர் விசா வேண்டாம். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டிருந்தால், எச்-4 பிள்ளைக்கு அது இருக்காது, காலியாக விடுங்கள். அந்த எண் இல்லை என்பதற்காகச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்புறம், குடும்பத்துக்கு நிலையான வீடு இல்லை, மோட்டலிலோ தெரிந்தவர் வீட்டிலோ நெருக்கடியில் தங்கியிருக்கிறீர்கள் என்றால், மெக்கின்னி-வென்டோ என்ற மத்தியச் சட்டம் இருக்கிறது. காகிதம் எதுவும் கையில் இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வயதும் வகுப்பும்

இங்கேதான் நம் வீடுகளில் முதல் மனவருத்தம் வரும். கிண்டர்கார்டன் சேர, அந்தக் கல்வியாண்டின் ஜூலை 1-க்கு முன்னால் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் பிறந்த குழந்தை மதுரையில் யுகேஜி முடித்திருந்தாலும், 2025 ஆகஸ்டில் இங்கே கிண்டர்கார்டன் போக முடியாது, ப்ரீ-கே தான். ஒரு வருடம் வீணாகிறதே என்று என் மாமியார் போனில் அழாத குறையாகச் சொன்னார். வீணாகவில்லை. நான்கு வயதுக் குழந்தைகளுக்கான ப்ரீ-கே இந்த மாநிலம் முழுக்க இலவசம், கட்டாயமும் இல்லை. என் மகள் அந்த ஒரு வருடத்தில்தான் ஆங்கிலத்தில் சண்டை போடவே கற்றுக்கொண்டாள், அதற்குப் பிறகு கிண்டர்கார்டன் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பெரிய பிள்ளைகளுக்கு, ஏப்ரலில் இரண்டாம் வகுப்பு முடித்தால் ஆகஸ்டில் மூன்றாம் வகுப்பு என்று பொதுவாக ஒத்துப்போகும். கடைசி இரண்டு வருட மார்க் ஷீட்டின் நகலை எடுத்து வாருங்கள். டிசி இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் வாங்கி, அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நகலை மட்டும் கொடுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். இங்கே உயர்நிலைப் பள்ளி என்பது கிரெடிட் கணக்கு, ஒவ்வொரு பாடமும் ஒரு கிரெடிட்டாகச் சேர்ந்துகொண்டே வரும். நம் ஊர் 9, 10-ஆம் வகுப்பு மதிப்பெண்களை இங்கே எப்படிக் கணக்கில் எடுப்பது என்று பள்ளியில் படிப்பு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர்தான் முடிவு செய்வார், சின்ன கவுண்டியில் அவர் இதற்கு முன் இந்திய மார்க் ஷீட்டையே பார்த்திருக்க மாட்டார். 35 எடுத்தால் பாஸ் என்பது அவருக்குத் தெரியாது, 72 என்றால் சுமாரான மாணவர் என்று நினைப்பார். பழைய பள்ளியின் லெட்டர்ஹெட்டில், எந்தெந்தப் பாடம், தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண், கணக்கில் என்னென்ன பகுதிகள் நடத்தினார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்கி வாருங்கள். அல்ஜீப்ரா முடித்த பிள்ளையைத் திரும்ப அல்ஜீப்ராவில் உட்கார வைப்பதை அந்த ஒரு பக்கம் தடுக்கும். மேல்நிலைப் பாடங்கள் சின்னப் பள்ளியில் குறைவாகத்தான் இருக்கும். ஆன்லைனிலோ, பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்தோ எடுக்க வழி உண்டா என்று கவுன்சிலரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

பெயரும் முகவரியும்

பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டுச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. ஆனால் அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதிவு செய்தபோது பெயர் வைக்காததால் அந்த இடம் வெறுமையாக இருக்கும் சான்றிதழ்கள் நம் ஊரில் ஏராளம். பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்க்கலாம், ஆனால் அதை இங்கிருந்து செய்வதைவிட விமானம் ஏறுமுன் செய்வது ஆயிரம் மடங்கு சுலபம்.

இனிஷியல் சமாச்சாரம் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து வந்து உட்காரும், 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. ஒரு தோழியின் மகனுக்கு இது நடந்தது. முதல் நாள் அவனுடைய மேசையில் மஞ்சள் அட்டையில், அழகான கையெழுத்தில், ஓரத்தில் ஒரு ஆப்பிள் ஸ்டிக்கரோடு, 'ஃப்னு' என்று எழுதி ஒட்டியிருந்தார் டீச்சர். அவன் அது வேறு யாருடைய இடமோ என்று நினைத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகும் சுவரோரமாகவே நின்றிருக்கிறான். அந்த டீச்சர் அன்பானவர்தான், கம்ப்யூட்டரில் வந்ததை எழுதினார். ஆகவே சேர்க்கையின்போதே 'பிள்ளையைக் கூப்பிடும் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள், கட்டம் இல்லாவிட்டால் தனிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, வகுப்பு டீச்சருக்கும் ஒரு வரி மெயில் அனுப்பிவிடுங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர் இருப்பது நமக்கு இயல்பு, இங்கே அது கேள்வியை எழுப்பும். மூவர் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும்.

முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ கரண்ட் பில்லோ போதும். இந்த ஊர்களில் பலர் கடிதங்களைத் தபால் நிலையத்தில் உள்ள பெட்டியில்தான் வாங்குவார்கள், அந்தப் பெட்டி எண்ணைக் கொடுத்தால் பள்ளி ஏற்காது. ஆம்புலன்ஸ் தேடி வருவதற்கு வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரி இருக்கும், அதை '911 முகவரி' என்பார்கள். வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள், பஸ் ரூட்டும் அதை வைத்துத்தான். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் தங்கி, உங்கள் பெயரில் எந்தப் பில்லும் இல்லை என்றால், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் போதுமா என்று போனில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தடுப்பூசி அட்டை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மாநிலத்தில் பள்ளி சேர டிஃப்தீரியா, டெட்டனஸ், கக்குவான், போலியோ, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு ஊசி போட்டிருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் டிடேப் (டெட்டனஸ், டிஃப்தீரியா, கக்குவான் மூன்றுக்குமானது) பூஸ்டரும் மூளைக்காய்ச்சல் ஊசியும் சேரும். நம் பிள்ளைகள் எல்லாமே போட்டிருப்பார்கள், அட்டை நிறைய முத்திரை இருக்கும், ஆனாலும் இங்கே செல்லாமல் போகும். ஏன் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர் அரசுத் திட்டத்தில் தட்டம்மை-ருபெல்லா முதல் ஊசி 9 மாதத்தில். இங்கே முதல் பிறந்த நாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது. அதோடு அந்த ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் கிடையாது. ஆகவே அரசு மருத்துவமனை அட்டையோடு வரும் பிள்ளைக்கு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்எம்ஆர் ஊசி போட வேண்டி வரும். சின்னம்மை ஊசி அரசு அட்டவணையிலேயே இல்லை, தனியார் டாக்டரிடம் போட்டிருந்தால்தான் இருக்கும். ஹெபடைடிஸ் பி பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில் போட்டிருப்பார்கள். இங்கே கடைசி டோஸ் 24 வாரத்துக்குப் பிறகு இருக்க வேண்டும், ஆக நான்கு போட்டும் இன்னொன்று கேட்பார்கள். போலியோ சொட்டு மருந்தில் 2016 ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடுத்த எதையும் அமெரிக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சமயத்தில் சொட்டு மருந்தின் கலவை மாறிவிட்டது. ஊசியாகப் போட்ட ஐபிவி எத்தனை என்று தனியாகப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இழுத்தது இதெல்லாம்கூட இல்லை, தேதி. மகன் 2015 ஜனவரியில் பிறந்தவன். எம்எம்ஆர் முதல் டோஸ் 09/03/2016, இரண்டாவது 04/06/2016 என்று நம் டாக்டர் நீல மையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். மார்ச் 9, ஜூன் 4. இங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்கள் அல்லவா, அதனால் செப்டம்பர் 3, ஏப்ரல் 6 என்று ஏற்றிவிட்டார்கள். முதல் டோஸுக்கு ஐந்து மாதம் முன்னால் இரண்டாவது டோஸ் போட்டதாகக் கம்ப்யூட்டர் காட்ட, அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். 12-க்கு மேல் நாள் வரும் தேதிகள் எல்லாம் சரியாக ஏறியிருந்தன, அதனால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அவன் காலையில் ஜன்னல் பக்கம் நின்று மஞ்சள் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஊரில் உங்கள் குழந்தை டாக்டரிடம் போய், ஒரு தாளில் ஊசியின் பெயர், தேதி என்று ஆங்கிலத்தில் பட்டியல் எழுதச் சொல்லுங்கள், மாதத்தை எண்ணாக எழுதாமல் மார்ச், ஜூன் என்று எழுத்தில். சீல், கையெழுத்து, பதிவு எண். சின்னம்மை போடவில்லை என்றால் அங்கேயே போட்டுவிடலாம். எம்எம்ஆரும் சின்னம்மையும் ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி விட வேண்டும், இதைப் பயணத் தேதியோடு வைத்துக் கணக்குப் பாருங்கள். இங்கே வந்து மிச்சம் இருந்தால் கவுண்டி சுகாதாரத் துறைக்குப் போங்கள். இன்ஷூரன்ஸ் இன்னும் தொடங்காத பிள்ளைகளுக்கு மருந்து இலவசமாகக் கிடைக்க மத்தியத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் முதல் டோஸ் போட்டிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு, மீதியை இடைவெளிப்படி போடலாம். 'ப்ரொவிஷனல் என்ரோல்மென்ட்' என்று கேளுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை கேட்டால், பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளை என்று சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கையில் குத்தும் தோல் சோதனை பிசிஜி போட்டவர்களுக்கு நோய் இல்லாமலே வீங்கக்கூடும், பிறகு எக்ஸ்ரே, மாத்திரை என்று வீண் பதற்றம்.

வீட்டு மொழி என்ன?

சேர்க்கைப் படிவத்தில் பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழே போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் இங்கிலீஷ் என்று எழுதும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தமிழ் என்றே எழுதுங்கள். வகுப்பைக் குறைப்பதற்கான கேள்வி அல்ல அது. ஆங்கிலத் திறனுக்கு ஒரு சின்னச் சோதனை வைப்பார்கள், தேவை என்றால் தனி உதவி கிடைக்கும். சின்ன கவுண்டியில் அந்த டீச்சர் ஒருவரே பல பள்ளிகளுக்குப் போய்வருபவராக இருக்கலாம், வாரத்தில் எத்தனை நாள் உங்கள் பள்ளிக்கு வருவார் என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் ஆங்கில மீடியத்தில் படித்து நன்றாக எழுதுவார்கள், ஆனால் மலைப் பகுதி உச்சரிப்பில் டீச்சர் வேகமாகப் பேசினால் முதல் இரண்டு மாதம் பாதி புரியாது. பாட்டியோ தாத்தாவோ பள்ளியோடு பேச வேண்டி இருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பேச்சு தாமதம், ஆட்டிசம், படிப்பதில் சிரமம் என்று எதுவாவது பிள்ளைக்கு இருந்தால் மறைக்காதீர்கள். நம் ஊரில் சொன்னால் இடம் கிடைக்காது என்று மறைத்துப் பழகிவிட்டோம். இங்கே சொன்னால்தான் உதவி வரும், சொன்னதற்காக இடம் மறுக்க முடியாது. 'என் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும்' என்று எழுத்தில், தேதி போட்டு, பள்ளி முதல்வருக்குக் கொடுங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

சாப்பாடு, பஸ், பனி

இந்த மாநிலத்தின் பல கவுண்டிகளில் காலை, மதியம் இரண்டு வேளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். சைவக் குடும்பங்கள் ஒன்று கவனியுங்கள். பெப்பரோனி ரோல் இந்த மாநிலத்தின் செல்லப் பண்டம், பள்ளி கேன்டீனிலும் வரும். வெளியே பார்த்தால் நம் பேக்கரி பன் மாதிரியே இருக்கும், உள்ளே இறைச்சி. என் மகள் பாதி தின்ற பிறகுதான் கவனித்தாள். மாதச் சாப்பாட்டுப் பட்டியலை முதல் வாரமே வாங்கி, பிள்ளையோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஒவ்வாமை என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால் பள்ளி மாற்று உணவு தந்தே ஆக வேண்டும். சைவம் என்பது விருப்பம் என்ற கணக்கில் வரும், சமையலறைப் பெண்மணியிடம் நேரில் போய்ப் பேசுங்கள், முடிந்ததைச் செய்வார்கள். மருந்து எதையும் பையில் போட்டு அனுப்பாதீர்கள், தலைவலி மாத்திரைகூடப் பள்ளி நர்ஸ் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கும் படிவம் உண்டு.

பஸ் காலையில் இருட்டோடு வரும். முதல் வாரம் ஓட்டுநரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் காரில் போகும்போது பள்ளி பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால், எதிர்ப்பக்கமாக வந்தாலும் நின்றுவிடுங்கள், தாண்டினால் லைசென்ஸே போகும்.

குளிர்காலத்தில் பனி விழுந்தால் பள்ளி மூடும், அல்லது இரண்டு மணி நேரம் தள்ளித் தொடங்கும். அந்தச் செய்தி விடியற்காலையில் தானியங்கிப் போன் அழைப்பாக வரும். இங்கேதான் சிக்கல். மலையிடுக்கு வீடுகளில் செல்போன் சிக்னல் கிடைக்காது. போகஹான்டஸ் கவுண்டியின் கிரீன் பேங்க் பகுதியில் 100 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று 1958 முதல் அந்த வட்டாரமே ரேடியோ அமைதி மண்டலம், செல்போன் கோபுரத்துக்குக் கட்டுப்பாடு. அப்படிப்பட்ட இடத்தில் வீடு எடுத்தால் லேண்ட்லைன் போட்டு, அந்த எண்ணைப் படிவத்தில் முதல் எண்ணாக எழுதுங்கள். உள்ளூர் வானொலியிலும் சொல்வார்கள். அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேர் பெயர் கேட்பார்கள், ஊரில் யாரையும் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரிடமோ பக்கத்து வீட்டம்மாவிடமோ கேட்டு எழுதுங்கள். பனி நாளில் பாதியில் பஸ் திருப்பி அனுப்பப்பட்டால் பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வாரம் முழுக்கப் பல கவுண்டிகளில் விடுமுறை, மான் வேட்டைக் காலம் அது. அந்த வாரம் பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் விளையாட விடும்போது பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டு விடுங்கள். விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஊருக்கு டிக்கெட் போடுங்கள், பொங்கலுக்கென்று நடுவில் மூன்று வாரம் போய்வந்தால் வராத நாள்கள் ஏறி, கடிதம் வரும். போயே ஆக வேண்டும் என்றால் முதல்வரிடம் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

மூன்று வருடம் முடிந்து வேறு ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள்தான் அதிகம். பள்ளிக்குப் பள்ளி ரெக்கார்டு தானாகவே போகும், ஆனாலும் மார்க், ஊசிப் பட்டியல், சோதனை முடிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த டிசி அசலோடு ஒரே ஃபைலில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், லாரியில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம்.